ஒரு ஷேடு கூடுதல்

பல் டாக்டருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்பிவிடுவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு பல்செட்டு செய்து கொடுப்பது வேறு ஆள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியிலிருந்த பட்டறையில் முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தவருக்குப் பல்லு மாஸ்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் மனக்குறைதான். ஓவியர் என்று ஒருவராவது கூப்பிடமாட்டாரா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

நிறம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார். பதினாறு மாதிரிப் பற்களைக் கோத்த சட்டம் ஒன்று அவர் மேசையில் இருக்கும். வந்தவரை ஜன்னலோரம் நிறுத்தி, மிச்சமிருக்கிற பல்லோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பார். சரியான பல்லைக் கண்டுபிடித்தும் விடுவார். தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

"கொஞ்சம் வெள்ளையா போடுங்களேன் மாஸ்டர்."

"உங்க பல்லு இந்தக் கலர்தாங்க."

"அது எனக்குத் தெரியாதா? ஒரு ஷேடு கூட்டிப் போடுங்க. நாலு பேரு பாக்கறது."

கூட்டிப் போட்டுக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எழுபது வயசுக் கிழவனுக்கு இருபது வயசுப் பல்லு வேணுமாம். கண்ணாடியில தன் மூஞ்சியப் பாக்கவே மாட்டானுங்களா?" என்று மனைவியிடம் கொட்டித் தீர்ப்பார். அவள் தபால் பட்டுவாடா செய்கிறவள். காலையிலிருந்து வெயிலில் படியேறி இறங்கிய கால்களை நீட்டிக்கொண்டு, உம் கொட்டிக் கேட்பாள்.

அவருடைய உயிர் பல்லில் இல்லை. பால்கனியை அடைத்துக் கட்டிய சின்ன அறையில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. கட்டைவிரல் உயரத்துக்கு இருநூறு உருவங்கள். குதிரை வீரர்கள், தளபதிகள், துப்பாக்கி பிடித்தவர்கள், தாடி வைத்த மாலுமிகள். எல்லாருக்கும் எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டியிருந்தார். மூக்குநுனியில் சிவப்பு, கன்னத்தில் ரோஜா, மழித்த தாடையில் லேசான நீலம். யாராவது அவற்றைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப்போகும். சிற்றுருவம் என்று திருத்துவார். மனைவி இருபத்தாறு வருடமாகப் பொம்மை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருநூறு பேரும் ரோஸ் நிறம். அந்த வீட்டுக்கு வந்துபோகிற ஒருவருக்கும் அந்த நிறம் கிடையாது. அவர் வாங்குகிற ஒரு டியூபின் மேல் 'சதை நிறம்' என்று அச்சடித்திருக்கும். யாருடைய சதை என்று டியூபும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

பத்தொன்பது பேர் சேர்ந்து நடத்தும் சிற்றுருவ ஓவியர் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு போட்டி உண்டு. முதல் பரிசு கோப்பை, இரண்டாம் பரிசு தட்டு. ஊரில் கண் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் பதினோரு வருடமாகக் கோப்பையை எடுத்துப் போனார். பல்லு மாஸ்டருக்குப் பதினோரு தட்டு. மனைவி அதில் காய் நறுக்கி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தட்டையும் பார்க்கும்போது அவருக்கு வயிறு எரியும். சாவதற்குள் ஒரு கோப்பையாவது வாங்கிவிட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாவது வருடம் நடுவராக ஒரு அம்மா வந்தார். மருத்துவக் கல்லூரிக்குத் தோல் நோய்களின் மெழுகு மாதிரிகள் செய்து கொடுத்து ஓய்வு பெற்றவர். தேமலையும் படையையும் உள்ளது உள்ளபடி தீட்டியே கை பழகியவர். மனித உருவங்களுக்கான முதல் பிரிவுக்கு அவர் புது விதி ஒன்று போட்டார். உயிரோடு இருக்கும், தனக்குத் தெரிந்த ஒருவரைத்தான் தீட்ட வேண்டும். போட்டியன்று அந்த ஆள் உருவத்துக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் வந்து நிற்க வேண்டும். சங்கமே ஆடிப்போனது. முன்னூறு வருடத்துக்கு முன் செத்த தளபதியின் கன்னம் இப்படி இல்லை என்று யாரும் எழுந்து வந்து சொல்லப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார்.

பல்லு மாஸ்டர் முதலில் மனைவியின் தம்பியைத்தான் கேட்டார். மச்சான் நல்ல கலர், டியூபில் இருப்பதையே கொஞ்சம் தட்டி எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிற வேலையெல்லாம் தன்னால் ஆகாது என்று மச்சான் கையை விரித்துவிட்டான். வேறு வழியில்லாமல் மனைவியிடம் வந்தார்.

"நானா?" என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு ஜன்னலோரம் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"பவுடரத் துடைச்சிட்டு வா. நிறந்தான் முக்கியம்" என்றார் ஓவியர்.

தோளில் தபால் பை, கையில் ஒரு கட்டுக் கடிதம் என்று உருவத்தை நன்றாகத்தான் செய்தார். நிறத்துக்கு வந்தபோதுதான் சிக்கிக்கொண்டார். வழக்கம்போல அட்டைத் துண்டில் வண்ணங்களைப் பிதுக்கி, அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சக் காத்திருந்து, சதை நிறத்தோடு பழுப்பைக் கலந்தார். கன்னத்திலும் மூக்கிலும் வெளிச்சம் விழுகிற இடத்தில் வெள்ளையைத் தொட்டு வைத்தார். இருநூறு முறை செய்த வேலை. இருநூற்றொன்றாவது முறை முகம் நரைத்துப்போய் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே கதி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, என் மேல சாம்பலக் கொட்டி வச்சிருக்கீங்க?"

"வெளிச்சம்னா வெள்ளைதான். உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். இந்தக் கையப் பாருங்க." முன்கையை ஜன்னல் வெயிலில் நீட்டினாள். "மின்னுதில்ல? வெள்ளையாவா மின்னுது?"

பார்த்தார். வெள்ளையாக இல்லை. மேட்டில் மஞ்சளும் செம்மண்ணும் கலந்து மினுங்கியது, பள்ளத்தில் கருநீலம் ஓடியது. பதினாறு வெள்ளையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மனிதர் பத்து நிமிடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை டியூபை மூடி இழுப்பறைக்குள் போட்டார். சங்கத்தில் பிறகு இதைத் தன்னுடைய கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அடியில் அடர்ந்த பழுப்பு. அதன்மேல் கன்ன எலும்பில் காவியும் துளி சிவப்பும். கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த நிழல். வெயிலேறிய நெற்றி மோவாயைவிட ஒரு படி கறுப்பு, விரல் முட்டிகள் அதைவிடக் கறுப்பு, கைக்கடிகாரப் பட்டை மறைத்த இடம் மட்டும் வெளிறல். மேலுதடு கீழுதட்டைவிடக் கறுப்பு என்பது ஆறாவது நாள்தான் அவருக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தட்டில் இருந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பிஸ்கட் டின்னுக்குள் பல்பு எரியவிட்டு, ஒவ்வொரு பூச்சையும் அதில் வைத்து உலர்த்தி அடுத்ததைப் போட்டார். ஒன்பது நாளில் முடிந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவளிடம் பூதக்கண்ணாடியை நீட்டினார். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள். பிறகு, "மூக்கு இவ்ளோ பெரிசா?"

"அளவெடுத்துத்தான் வச்சேன்."

"அப்ப சரி."

அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கையோடு அழைத்து வந்து காட்டினாள். அந்த அம்மா அப்படியே இருக்கிறது, அச்சு அசலாக இருக்கிறது என்றெல்லாம் புகழ்ந்துவிட்டு, இவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். கொஞ்சம் கலரா போட்டிருக்கலாம். நாலு பேரு பாக்கற எடத்துல வைக்கப் போறீங்க. அவங்களுக்கும் ஆசையா இருக்கும்ல?"

அவ்வளவுதான், மனிதருக்கு மண்டைக்குள் வண்டு புகுந்துவிட்டது. வியாழனும் வெள்ளியும் அந்த முகத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். கண் டாக்டரின் மனைவி வருவாள், சங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். 'இவளையா கட்டிக்கிட்டான்' என்று நினைத்துவிட்டால்? இப்படி ஒரு நினைப்பு தனக்கு எதற்கு வந்தது என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயந்தவர்கள் வழக்கமாக அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை அவள் பட்டுவாடாவுக்குப் போன பிறகு இழுப்பறையைத் திறந்தார். கன்னத்தில் மட்டும் ஒரு ஷேடு, அதோடு சரி என்றுதான் தொடங்கினார். கன்னம் வெளுத்ததும் நெற்றி கரி பிடித்ததாகத் தெரிந்தது. நெற்றியைச் சரிசெய்தால் கழுத்து வேறு யாருடையதோ ஆனது. கழுத்துக்குப் பிறகு கை. கையை முடித்ததும் முகம் மறுபடி மங்கலாகத் தெரிய, அதற்கு இன்னும் ஒரு ஷேடு. அவள் திரும்பி வருவதற்குள் கடிகாரப் பட்டையின் தடம் போய்விட்டது, மேலுதடு போய்விட்டது. உருவத்தை டப்பாவில் வைத்து மூடி, காய்கிறது, திறக்காதே என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பத்தொன்பது மேசை போட்டிருந்தார்கள். கண் டாக்டர் தன் மாமியாரைக் கொண்டுவந்திருந்தார். கன்னத்து மங்கு, மோவாய் மரு, மூக்கில் கண்ணாடி அழுத்திய குழி எதையும் உருவத்தில் அவர் விட்டுவைக்கவில்லை. மாமியார் மருமகனை முறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். இரண்டும் ஒரே ஆள் என்று வாசலிலிருந்தே தெரிந்தது.

பல்லு மாஸ்டர் டப்பாவைத் திறந்து உருவத்தை வைத்தார். 'என் மனைவி' என்று எழுதிய அட்டையை முன்னால் சாய்த்தார். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

நடுவர் அம்மா வந்தார். அட்டையைப் படித்தார். உருவத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தேடினார்.

"ஆள் இன்னும் வரலையா?"

பல்லு மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"தெரியலைங்க. நானும் அவளத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

நடுவர் அம்மா உருவத்தையும் அவளையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளில் எதையோ அடித்து, வேறு எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். பல்லு மாஸ்டர், "இங்க லைட்டு சரியில்ல" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

முதல் பிரிவில் கோப்பை மாமியாருக்கே போனது. தட்டு ஒரு தையல்காரருக்கு. தட்டும் இல்லை என்றதும் மாஸ்டர் கிளம்பலாம் என்று டப்பாவைத் தேடினார். அப்போது ஒலிபெருக்கியில் இன்னொரு பிரிவு இருப்பதாகச் சொன்னார்கள். பறக்கும் சிங்கம், மூன்று தலை நாகம் என்று தீட்டுகிறவர்களுக்காக வைத்தது.

"கற்பனை உருவங்கள் பிரிவுக்கு மாற்றப்பட்ட ஒரு படைப்பு முதல் பரிசு பெறுகிறது. தலைப்பு, 'என் மனைவி'."

மண்டபம் சிரித்தது. கண் டாக்டரின் மாமியாரும் சிரித்தார். பல்லு மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மேடையேறினார். கோப்பை கனமாகத்தான் இருந்தது. காது மடல் எரிய, முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்க, அதைக் கையில் வாங்கியபோது உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைத்துப் பயனில்லை. பன்னிரண்டு வருட ஆசைக்கு மானம் ரோஷம் தெரியாது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. அவர் மடியில் கோப்பை, அவள் மடியில் டப்பா. நாலு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"புதன்கிழம இருந்தவள என்ன பண்ணீங்க?"

"அடியிலதான் இருக்கா. மேல மட்டும் லேசா பூசினேன். உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தொடச்சா இது போயிடுமா?"

"இன்னும் காயல. டர்பன்டைன் தொட்டுத் தொடச்சா மேல் பூச்சு வந்துடும். கீழ இருக்கறது காஞ்சுபோச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப வீட்டுக்குப் போனதும் தொடச்சிடுங்க."

பல்லு மாஸ்டர் கோப்பையின் காதைத் தடவினார்.

"தொடச்சிட்டா," என்று இழுத்தார், "இது பரிசு வாங்கின உருவம் இல்லன்னு ஆயிடும். கேட்டாங்கன்னா கோப்பையத் திருப்பிக் குடுக்கணும்."

அவள் அவரையே பார்த்தாள். மேலுதட்டில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. மூடியைப் போட்டு அழுத்தி, டப்பாவை அவர் மடியில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேணாம். அவளையே வச்சிக்குங்க."

இரண்டு வரிசை தள்ளி முன்னால் ஓர் இருக்கை காலியாக இருந்தது. எழுந்துபோய் அதில் உட்கார்ந்துகொண்டாள்.