கயிற்றை அவிழ்த்துக் கட்டிய சிப்பாய்

வெல்டருக்கு அண்ணன் மேல் இருந்த ஆத்திரம் எத்தனை வருடமாகியும் ஆறவில்லை. பட்டாளத்தில் முதல் சண்டைக்குக் கிளம்பும் முன், பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்ததை அவர் அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். வாத்தியாரான அண்ணன் அதைக் கவிதையாக்கி, தம்பி கதைதான் என்று பெருமையடித்து, வகுப்பு வகுப்பாக விளக்கமும் சொன்னார்.

"பயம்ங்கிற வார்த்தையே இதுல கிடையாது, பாருங்க. கயித்த அவுக்கிறான், கட்டுறான், மறுபடி அவுக்கிறான். அதுதான் பயம்."

அந்தப் பிள்ளைகளில் ரெண்டு பேர் பின்னால் பட்டறைக்கு வேலைக்கு வந்தார்கள். வெல்டருக்குக் 'கயிறு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணனுக்கு ஆபரேஷன் என்று அண்ணி அழுததால்தான் அவர் ஆஸ்பத்திரிக்கே போனார். முதுகுப் பக்கம் கயிறு வைத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே, பயமா?"

"எனக்கென்னடா பயம்? நான் என்ன உன்ன மாதிரியா?"

"உடம்புதான் போச்சு, வாய் குறையல."

அண்ணன் முதுகைத் திருப்பினார். "இந்தக் கயிறு சரியில்ல. அவுத்துக் கட்டு."

வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அதில் போன அண்ணன் பிறகு கண் விழிக்கவே இல்லை. ஏறும் முன் தம்பியிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இன்னொரு தடவ அவுத்துக் கட்டுடா."