கழலாத கிளாத்ரின் கூடு

செல்லுக்குள் நடப்பதைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் பாவப்பட்ட சனங்களே, உங்கள் தொண்டையும் என்னைப்போல வறண்டுதான் கிடக்கும். செஞ்சியில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். பாதி வகுப்பு ஜன்னல்வழியே கோட்டை மலையைப் பார்த்தே டிகிரி வாங்கிவிடும்.

கரும்பலகை

செல்லுக்குள் சரக்கு போவது சின்னச் சின்னப் பைகளில். சவ்விலிருந்து பை பிதுங்கும்போது, கிளாத்ரின் என்ற மூன்று கால் புரதங்கள் கால் பின்னி அதன்மேல் கூடு கட்டும். பை அறுந்து தனியானதும் வேறு புரதங்கள் வந்து அந்தக் கூட்டைக் கழற்றிவிடும். கழற்றினால்தான் பை போகிற இடத்தில் ஒட்டிச் சரக்கை இறக்கும். இதை ஒரு மணி நேரம் கத்தினேன். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் குமார் எழுந்தான். சந்தேகம் கேட்கிறானே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"கழட்டத்தான் போறோம்னா இன்னாத்துக்கு சார் மாட்டணும்?"

விடைத்தாள்

கட்டுரை முழுக்கக் கூடு கட்டியிருந்தார்கள். ஒருத்தராவது கழற்றணுமே! ஏம்மா என்று ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"கட்டுறதுக்கே ஒரு பக்கம் வந்துட்டுது சார், அஞ்சு மார்க்குக்கு அது போதும்ல?"

பட்டறை

நான் நம்பியது ஸ்டெல்லாவை மட்டும்தான். இந்த ஒரு ப்ராக்டிகல் அரியர் முடிந்தால் அவளுக்கு இந்த வருஷமே எம்.எஸ்ஸி. சீட், இல்லையென்றால் இல்லை. ப்ராக்டிகலுக்குக் கம்பியில் மாடல் செய்யச் சொன்னேன்: கோத்தால் கூடு, இழுத்தால் கழல வேண்டும். அனந்தபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பா, வந்த வேலையெல்லாம் தள்ளிவைத்து இரண்டு நாள் உட்கார்ந்து செய்து, பரீட்சையன்று காலையில் தோளில் தூக்கி வந்தார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் ஒரு மூட்டு விடாமல் பற்றவைத்திருந்தார். மென்று முழுங்கி, "இது கழலணுமேங்க" என்றேன். மனுஷன் முகம் சுண்டிப்போனது.

"கழண்டு வர்ற வேலைய நம்ம பட்டறையில செஞ்சதே இல்லீங்க சார்."

தேர்வு

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க, பிரிச்சிக் காட்டு" என்றார். மாடல் போனால் போகட்டும், வாயாலாவது சொல்லித் தொலையேன் என்று நான் பின்னாலிருந்து சாடை காட்டினேன். அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா நின்றிருந்தார். "பிரியாது சார்" என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் ஃபெயில். தனியாகக் கூப்பிட்டு, பாடம் தெரியாதா உனக்கு என்று திட்டினேன்.

"தெரியும் சார். வேற புரோட்டீன் வந்து கழட்டலன்னா சரக்கு எறங்காது. நைனா அங்க நின்னுக்கினு இருக்காரு, அவுரு செஞ்சது தப்புன்னு எப்பிடி சார் சொல்லுவேன்?"

அடுத்த அரியருக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நானும் ஒரு வாத்தியார்.