சீட்டுக்குச் சட்டை போடும் ஊரில்

இந்த ஊரில் சீட்டுக்குச் சட்டை போடுகிறார்கள். சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். வின்னிபெக்கில் ஜனவரி மாதம் வெளியே நின்றால் மூக்கு முடி உறைந்து ஊசியாய்க் குத்தும். நான் பனியன், சட்டை, கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மெத்தை மாதிரி ஒரு கோட்டு என்று நாலு அடுக்கு மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போய் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே கேரி என்ற கடைக்காரர், வழுக்கைத் தலை, தாத்தா ஆகிவிட்ட மனுஷன், சீட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து அளவெடுத்துத் தைத்தது போன்ற ப்ளாஸ்டிக் உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். ‘ஸ்லீவ்’ என்கிறார்கள். அழுக்கு படக்கூடாதாம், முனை மடங்கக்கூடாதாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை போட்டுவிடுகிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன், சீட்டு விளையாடும் கடை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்று. “இதுக்குத்தான் இம்புட்டு தூரம் போனியாக்கும்? மோட்டார் ரூம்புல சீட்டாடுறவய்ங்கள போலீஸ் தொரத்துனது மறந்துபோச்சா? வெளிய சொல்லிராதப்பு, பொண்ணு குடுக்க மாட்டாய்ங்க.” இது காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை, ராஜா ராணி கிடையாது, பூதம், மந்திரவாதி, பறக்கிற பாம்பு என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சக்தி உண்டு, நமக்குப் பிடித்ததைச் சேர்த்து நாமே ஒரு கட்டு அமைத்து எதிராளியோடு மோத வேண்டும் என்று விளக்கினேன். “பூதமா?” என்றாள் அம்மா. விளக்காமலே இருந்திருக்கலாம்.

பூதம் எனக்குப் புதுசில்லை. தொண்ணூறுகளில் குஜிலியம்பாறையிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் படித்தவன் நான். வகுப்பில் பக்கத்து இடம் சகாயம். அப்போது குஸ்திக்காரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு பள்ளிக்கூடத்தையே ஆட்டிப் படைத்தது. உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று கத்துவோம், பெரிய எண் வைத்திருப்பவன் சீட்டை அள்ளுவான். எங்கள் சீட்டுக்கட்டை வாத்தியார் பிடுங்கிக்கொண்டு போனதும் சகாயம் அசரவில்லை. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து கத்தரித்தான். உள்பக்கம் படம் வரைந்து அவனே சக்தி எழுதினான். பழனிக் கோயில் யானை, தொண்ணூறு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு எருமை, எண்பத்தைந்து. கணக்கு வாத்தியார், நூறு. என்ன வினை என்றால், முதுகுப் பக்கம் பத்திரிகை எழுத்து அப்படியே இருக்கும். ‘செல்வி’ என்று முதுகில் இருந்தால் அது யானை, ‘முகூர்த்தம்’ என்றால் எருமை என்று ரெண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத ஆட்டம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

கல்லூரி முடிகிற சமயம் பிரௌசிங் சென்டர்கள் வந்தன. சகாயம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான், பிறகு ஜெராக்ஸ் மிஷினோடு அவனே ஒன்று வைத்தான். அங்கேதான் கம்ப்யூட்டரில் ஆடுகிற சண்டைச் சீட்டைக் கண்டோம். அடேயப்பா! கோயில் யானையே உயிர் பெற்று வந்த மாதிரி இருந்தது. ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்டு. இங்கிலீஷைப் படித்துச் சொல்வது நான், மௌஸ் பிடிப்பது அவன். எதிரில் எந்த நாட்டுக்காரன் இருக்கிறான் என்று தெரியாது, ஜெயித்தால் சந்தோஷம், ஜெயிக்கிற நேரம் பார்த்துக் கரண்டு போனால் மின்சார வாரியத்துக்கு அர்ச்சனை. சகாயத்துக்கு ஒரு கொள்கை உண்டு. “கடைசிச் சீட்ட மட்டும் எறக்காத மாப்ள. ஒதவாத சீட்டா இருந்தாலும் கையில ஒண்ணு இருக்கணும். இருந்தாத்தான் பயப்படுவான்.” திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பயந்தானா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்ததே இல்லை.

நான் வின்னிபெக் வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. எனக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் அவனுக்கு ராத்திரி ஏழரை. அவன் கடையில் திரையில் வருவதை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே மௌஸைப் பிடிப்பான், நான் இங்கிருந்து போனில் “அத எறக்கு, இத வை” என்பேன். ஒரு நாள் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆட்டத்தை மூடுகிறோம், இந்தத் தேதிக்குப் பிறகு திறக்காது. நாலு வருஷம் சேர்த்த சீட்டுகள்! ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அதற்குள் எல்லாம் காற்றோடு போச்சு.

படித்துச் சொன்னேன். சகாயம் கேட்டான்: “அப்ப இனி சனிக்கெழம என்னத்தப் பேசுறது மாப்ள?”

அந்தக் கேள்வி என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. நாங்கள் ‘எப்படி இருக்க’ என்று விசாரித்துக்கொள்கிற ஜாதி இல்லை. அவன் அப்பா செத்தபோதுகூட அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினோம், அதில்தான் ரெண்டு பேரும் அழுதோம். ஆட்டம் போனால் தீபாவளிக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பிறகு அதுவும் இல்லை என்று ஆகிவிடும். இங்கே வந்த பலருக்கு அப்படி ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. நம்ம ஆட்டம் காகிதச் சீட்டாகவும் முன்பு வந்தது என்று எங்கோ படித்த ஞாபகத்தில்தான் கேரி கடையைத் தேடிப் போனேன்.

திரையில் ஆடிப் பழகியவர்களே, மேசைக்கு வந்து பாருங்கள், தெரியும் சங்கதி. கலைப்பது நாம். உயிர் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது நாம். திரையில் எல்லாவற்றையும் மிஷின் பார்த்துக்கொள்ளும், செய்யக்கூடாததைச் செய்ய விடாது. இங்கே எந்தத் தப்பை வேண்டுமானாலும் செய்யலாம், செய்தேன். முதல் நாள் கையிலிருந்த சீட்டைப் பிரிக்கக் கட்டைவிரலை நாக்கில் தொட்டேன், நம்ம ஊர் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி. எதிரில் இருந்தவர் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போய்விட்டார். சீட்டுக்கு ஏன் சட்டை போடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது! ஆனால் ஒன்று சொல்கிறேன், எதிராளிக்கு முகம் இருக்கிறது. நல்ல சீட்டு வந்தால் புருவம் தூக்குகிறான். பதறினால் காதைத் தடவுகிறான். இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை விட்டுவிட்டோமே என்று துள்ளினேன்.

கேரி கடையில் எங்கள் ஆட்டம் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். இனிமேல் அச்சடிக்கவும் மாட்டார்கள். உள்ளே ஆடத் தயாராய் ரெண்டு கட்டு, ஒன்று நெருப்பு, ஒன்று தண்ணீர். அதை விற்க மாட்டேன், சனிக்கிழமை மத்தியானப் போட்டிக்கு அதுதான் பரிசு என்று கேரி சொல்லிவிட்டார். கடையில் கிடந்த பழைய சீட்டுகளை இரவல் வாங்கிப் பேர் கொடுத்தேன். எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன், எனக்கே நம்பிக்கை இல்லை. எதிரில் டார்லீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மாள், சட்டம் என்றால் சட்டம்.

இங்கே எதிராளியின் கட்டை நாமும் ஒரு தடவை கலைத்துக் கொடுக்க வேண்டும். டார்லீன் கட்டைக் கலைக்கும்போது, ப்ளாஸ்டிக் சட்டை வழுக்கி ஒரு சீட்டு கீழே போய்விட்டது. குனிவதற்குள் என் பூட்ஸ் கால் அதன் மேல் பட்டுவிட்டது. பனிச்சேறும் உப்புமாய் இருந்த பூட்ஸ்! பதறி எடுத்தேன், துடைத்தேன், ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

“யூ லுக்ட்!” என்று டார்லீன் எழுந்தார்.

“நோ, நோ. மை ஃபூட். ஐ ஸே ஸாரி.”

“யாரிடம் ஸாரி?”

“டு தி கார்ட்.”

கடையே திரும்பிப் பார்த்தது. காகிதம் நமக்கு சரஸ்வதி, கால் பட்டால் கண்ணில் ஒற்றுவோம் என்பதை நான் சொன்ன இங்கிலீஷில் யார் நம்புவார்கள்? எனக்கே அது களவாணிப்பயல் பேச்சு மாதிரித்தான் கேட்டது. அவர் சீட்டை நான் பார்த்தது நிஜமென்றால் ஆட்டம் போச்சு, பெட்டி போச்சு என்றார் கேரி. அவமானம் ஒரு பக்கம், சகாயத்திடம் என்ன சொல்வேன் என்பது மறுபக்கம். கேரி தலையைச் சொறிந்தார். பிறகு வேறொரு சீட்டை எடுத்து என் காலடியில் போட்டார். “மறுபடி செய்து காட்டு. அதே மாதிரி.”

கால் பட்டது, எடுத்தேன், ஒற்றினேன். கேரி சிரித்துவிட்டார். “டார்லீன், பாருங்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டல்லவா செய்கிறான்!”

எனக்கே அது தெரியாது! நாலு வயசிலிருந்து செய்கிறேன், கண்ணை மூடித்தான் ஒற்றுகிறேன் என்பதை ஒரு கனடாக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். டார்லீன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். கட்டை வாங்கித் தானே மறுபடி கலைத்தார், உட்கார்ந்தார், “ஓகே” என்றார்.

ஆட்டம் இழுத்தது. எனக்கு உயிர் ரெண்டே பாக்கி. என் காவல் பூதம் மயங்கிக் கிடக்கிறது, அடுத்த முறைதான் எழும், கையில் ஒரே ஒரு சீட்டு, அதுவும் எதற்கும் உதவாதது. அவர் தாக்கினால் கதை முடிந்தது. அந்தச் சீட்டை இறக்கிவிடலாம் என்று கை போனது. சகாயம் காதில் சொன்னான், எறக்காத மாப்ள. இறக்கவில்லை. சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு டார்லீனைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என் கையைப் பார்த்தார், காதைத் தடவினார், தாக்காமல் விட்டார்! பயந்துவிட்டார், சகாயம், பயந்துவிட்டார்! அடுத்த முறை என் பூதம் எழுந்து ஆட்டத்தை முடித்தது. கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். டார்லீன் வாய் விட்டுச் சிரித்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், பஸ் ஓட்டுகிற கை.

பெட்டியோடு வந்து சகாயத்துக்குப் போன் போட்டேன். திட்டம் ரெடி. ரெண்டு கட்டையும் கலரில் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டை போட்டுவிட வேண்டும். நெருப்பு என்னுடையது, தண்ணீர் அவனுடையது. அவனவனிடம் அவனவன் கட்டு அசல், எதிராளியின் கட்டு நகல். அவன் ஒரு சீட்டை இறக்கிப் பேர் சொன்னால் நான் அதைத் தேடி என் மேசையில் எதிர்ப்பக்கம் வைப்பேன். நான் இறக்கினால் அவன் வைப்பான். ஒரே பக்கம் உட்கார்ந்து ஆடியவர்கள் முதல் தடவையாக எதிரும் புதிரும்!

கூட வேலை பார்க்கும் தொப்பம்பட்டிக்காரரின் மனைவி, பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போட ஊருக்குக் கிளம்பினார். “ஏனுங்க, சாமான் ஏதாச்சும் குடுத்து விடோணுங்களா?” என்று கேட்டதுதான் தாமதம், ஏர்போர்ட்டுக்கு ஓடிப்போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவசரத்தில் கட்டு மாறிப்போனது எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை சகாயம் சிரிக்கிறான், சிரிக்கிறான். “ஏலே, என் கட்டு ஜெராக்ஸா வந்திருக்கு. உன் கட்டு ஒரிஜினலே இங்கதான் இருக்கு!”

“ஐயோ. யாராச்சும் வந்தா மாத்தி விடுறியா?”

“இருக்கட்டும்லே. நீ இங்கயே இரு.”

அன்றிலிருந்து அப்படித்தான் ஆடுகிறோம். வின்னிபெக்கில் என் கையில் இருப்பது என் நகல். போன வாரம் ஆட்டம் நடுவில், போனில் சகாயத்தின் கடைச் சத்தம் கேட்டது. யாரோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர், சகாயத்துக்கு எதிரில் கிடந்த நாற்காலியை இழுக்கிறார்.

“அண்ணே, அதுல ஆள் இருக்கு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.”

“ஆளா? யாரப்பா, ஒருத்தரையும் காணோம்?”

“குஜிலியம்பாறைக்காரன்ணே. அவன் முறைதான், யோசிச்சிட்டு இருக்கான்.”

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவரைக் காக்க வைக்கக்கூடாது என்று அவசரமாக ஒரு சீட்டை எடுத்துப் பேரைச் சொன்னேன்.