இரண்டு கை பட்ட சீஸ்

மருத்துவமனையில் அவருக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் அவசரப்படுவதில் தப்பில்லை. இவர் பல் தேய்ப்பதும் அதே வேகத்தில்தான். மனைவி தன் தட்டை எடுத்து வைப்பதற்குள் இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். எந்நேரமும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் வேறு என்ன ஏறும்? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு அவசரப்பட்டாலும் சீக்கிரம் முடியாத வேலையாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரமே வார்டு நர்ஸ் ஒரு துண்டு சீஸ் கொடுத்தார். வீட்டில் செய்து, மாதக்கணக்கில் முற்ற வைத்ததாம். சைரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பண்டத்தை மென்று தின்றார். இதுதான் நமக்கான வேலை என்று அங்கேயே முடிவு செய்தார், வழக்கம்போல் அவசரமாக.

செய்வது ஒரு நாள் வேலைதான். பாலை வெதுவெதுப்பாக்கி உறைய வைத்து, கட்டியைக் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, துணியில் வடித்து, ஓட்டை போட்ட டப்பாவில் அமுக்கி, மேலே தண்ணீர் கேனைப் பாரமாக வைத்தால் மறுநாள் சப்பாத்திக்கல் அகலத்துக்கு ஒரு வட்டு கிடைக்கும். உப்புத் தடவி உலர்த்தி, குளிரைக் குறைத்து வைத்த பழைய ஃபிரிட்ஜில் மரப்பலகை மேல் வைத்துவிட வேண்டும். பிறகு காத்திருப்பதுதான் வேலை. தினம் ஒரு தடவை மட்டும் அதைப் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஈரமெல்லாம் ஒரே பக்கமாக இறங்கிவிடும்.

முதல் வட்டைப் பொறுமையில்லாமல் ஒரே வாரத்தில் வெட்டினார். ரப்பர் செருப்பு தோற்றது. இரண்டாவது காய்ந்து கல்லானது. மூன்றாவதில் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று மனைவி கேட்டாள். ஆனால் ஒன்று, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து அந்த வட்டின் முன்னால் நிற்கும் நேரத்தில் மட்டும் அவருக்கு எங்கேயும் ஓட வேண்டாம் போலிருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சங்கடம் என்னவென்றால் அந்த ஃபிரிட்ஜ் இருந்தது மனைவியின் தையல் அறையில். கதவைத் திறக்கும்போதெல்லாம் சீஸ் வாடை அறை முழுக்கப் பரவும். அவள் கைத்தையலுக்காக ஊரே துணி கொண்டுவந்து கொடுக்கும். ஒருநாள் ஒரு டீச்சர் புதுச் சட்டையை மூக்கருகே கொண்டுபோய், "இத யாராவது போட்டுக் கழட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலை அவள் தீர்ப்பைச் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு வட்டு. அதுவும் கெட்டால் ஃபிரிட்ஜ் பழைய இரும்புக்காரரிடம் போகும். அதுவரைக்கும் அந்தச் சனியனை அவள் விரலால்கூடத் தொடமாட்டாள். சைரனும் வாக்குக் கொடுத்துவிட்டார். மனுஷன் அவசரக்காரரே தவிர, வாக்குத் தவறாதவர்.

நான்காவது வட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வார விடுமுறையில் உப்புத் தண்ணீரால் துடைத்து, தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வைப்பார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மேல்தோல் பழுப்பாக, அழகாகத் திரண்டது. அப்போது பார்த்து இன்னொரு ஓட்டுநர் காலை முறித்துக்கொண்டார். அந்த ஆள் திரும்பி வருகிறவரை சைரனுக்கு விடுமுறையே கிடையாது. விடியற்காலையில் ஒரு காலில் ஷூவோடு தையல் அறைக்குப் போய், விளக்குகூடப் போடாமல் வட்டைப் புரட்டிவிட்டு ஓடுவார். அடுப்படியில் இருக்கிற மனைவிக்கு வாசல் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. ஆசையாக வட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல்பக்கம் வறண்டு வெடித்திருந்தது. அடிப்பக்கம் பிசுபிசுவென்று ஊறி, கிட்டே போனால் கண்ணில் நீர் வந்தது. ஒரு நாள்கூடப் புரட்டத் தவறவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. நமக்குப் பொறுமையான வேலை எதுவும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

வட்டை அப்படியே தையல் மேசையில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தார். அவர் அடுத்த தெருவில்தான் இருந்தார் போலும், தண்ணீர் குடிப்பதற்குள் வண்டியோடு வந்து நின்றார்.

ஃபிரிட்ஜ் ஒழிந்தால் போதும் என்றிருந்தவள் குறுக்கே வந்து வாசலை மறித்துக்கொண்டாள். உள்ளே துணியெல்லாம் பரப்பிக் கிடக்கிறது, இன்றைக்கு ஆகாது, நாளைக்கு வாருங்கள் என்றாள். நாளைக்கு வருகிறேன் என்று அவர் போனதும், இல்லை, சொல்லி அனுப்பினால் மட்டும் வாருங்கள் என்று பின்னாலேயே தெருவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"நீதானம்மா எடுத்துட்டுப் போகச் சொன்ன?" என்றார் சைரன். "வட்டு கெட்டுப்போச்சு. தினமும் புரட்டியும் கெட்டுப்போச்சு."

"தினமும் புரட்டினீங்களா? எப்போ?"

"காலைல. கிளம்பறதுக்கு முன்னாடி."

அவள் தையல் அறையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த மூணு வாரமா லீவில்லாம நீங்க ஓடற ஓட்டத்துல மறந்துடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க போனதும் நான் தினமும் புரட்டிப் போட்டுட்டு இருந்தேங்க."

சைரனுக்கு இது மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆனது. அவர் புரட்டிய பக்கத்தை அவள் பின்னாலேயே வந்து பழையபடி புரட்டியிருக்கிறாள். இரண்டு பேர் கை பட்டும் வட்டு மூன்று வாரமாக ஒரே பக்கம் படுத்துக் கிடந்திருக்கிறது. விரலால்கூடத் தொடமாட்டேன் என்றவள் அவருக்காக அந்த நாற்றத்தில் தினமும் கை வைத்திருக்கிறாள். வட்டு கெட்ட துக்கம் போன இடம் தெரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டதற்கு, சொன்னால் தன் மானம் என்ன ஆவது என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி.

பிறகு துணி வெட்டுகிற கணக்கில் அவள் வட்டை ஆராய்ந்தாள். ஊறிய பக்கத்தை விரல்கடை அளவுக்குச் சீவி எறியச் சொன்னாள். சீவிய இடத்தில் உள்சதை வெண்ணெய் நிறத்தில் கெட்டியாக இருந்தது. உப்பும் வினிகரும் தடவி உலர்த்தி, ஒல்லியாகிப்போன வட்டை மறுபடி உள்ளே வைத்தார்கள். இனிமேல் புரட்டுவது அவள், துடைப்பது அவர். ஃபிரிட்ஜ் தையல் அறையிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இடம் மாறியது.

இரண்டு மாதம் கழித்து வெட்டினார்கள். சைரன் ஆளுக்கொரு துண்டு எடுத்து வைத்தார். புளிப்பும் உப்புமாக இருந்து, கடைசியில் லேசாக இனித்தது. நர்ஸ் கொடுத்த துண்டுக்குச் சளைத்ததல்ல. மனைவி நிதானமாக மென்றாள். நல்லாயிருக்கு என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. "இன்னும் பத்து நாள் விட்டிருக்கலாம். உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றாள். அடுத்த வட்டு உண்டா இல்லையா என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் பயந்து விழுங்கிவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் பால்காரரிடம் மட்டும் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். பாலைக் கண்ட பிறகு அவள் வேண்டாமென்று சொல்லமாட்டாள் என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை பால்காரர் வாசலில் இரண்டு பெரிய கேன்களை இறக்கினார். சைரன் கலவரத்தோடு, ஒரு கேன்தானே சொன்னேன் என்று கிசுகிசுத்தார்.

"நீங்க ஒண்ணு சொன்னீங்க சார்," என்றார் பால்காரர். "உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு அக்கா ஒண்ணு சொன்னாங்க."