சபீனா வரட்டும்

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில் கோபமாக நடந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஆம்பள டாக்டருகிட்ட காட்ட மாட்டேன். நம்ம சபீனா வரட்டும், அவகிட்டதான் காட்டுவேன்" என்கிறாள். பக்கத்து வீட்டு சபீனா டாக்டருக்குப் படிக்கிறவள். விடுமுறையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போயிருந்தாள். வர இரண்டு மாதமாகும். எட்டாவதோடு படிப்பை விட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமல் ஊர் சுற்றுகிற தம்பி நான் கத்தினால் அக்கா கேட்பாளா?

வழியிலேயே சபீனாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"மாமா, போனை அத்தைகிட்ட குடுங்க" என்றாள். திரும்பி ஓடினேன்.

"அத்தை, இங்க நான் யாருக்கும் வைத்தியம் பாக்கல. வெட்டி எடுத்த கட்டியக் கண்ணாடித் துண்டுல வச்சு மைக்ராஸ்கோப்புல பாக்குறேன். அது யாருதுன்னுகூட எனக்குத் தெரியாது. உங்களையும் அப்படித்தான் பாக்கணுமா?"

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, மதுர பஸ்ஸு எப்ப?" என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் இருந்ததும் பெண் டாக்டர்தான். "இவ்வளவு நாள் என்னய்யா செஞ்சே?" என்று என்னைத்தான் திட்டினார். ஒரு மாதமாக நான் கத்தினேனே தவிர, சபீனாவைக் கூப்பிடத் தோன்றவில்லை.

அன்றே அக்காவை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் கிளாஸ் கழுவும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் வார்டு ஜன்னல் தெரியும்.