அமாவாசை நூடுல்ஸ்

சென்னையில் ஒரு சின்னத் தாய்லாந்து உணவகத்தில் நேற்று, புளியும் வறுத்த வேர்க்கடலையும் சூடான சட்டியில் கலக்கும் வாசனை வந்ததும், ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இதே வாசனையோடு இருந்த நாலு மேஜைக் கடை நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் நடத்திய தாய்லாந்துக் கடை அது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். தறிக்கு லீவு விடும் அமாவாசை சாயங்காலங்களில் அப்பா எங்களை அங்கே அழைத்துப்போய், "அமாவாசைங்க, முட்டை போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார். ஆவி பறக்க வரும் அரிசி நூடுல்ஸில் நுனியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்து, தறியில் நூல் கிடப்பதைப் போலத் தட்டில் வரிசையாகப் படுக்கவைத்த பிறகுதான் வாயில் வைப்பார்.

"எல்லாரும் பாக்கறாங்கப்பா" என்றேன் ஒருநாள்.

"சிக்க வெச்சிகினு எப்பிட்றா முழுங்கறது?" என்று சிரித்தார். அடுத்த அமாவாசைக்கு அம்மாவையும் என்னையும் உள்ளே அனுப்பிவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

நேற்று என் மகள் மேஜைக்குக் கீழே என் காலைத் தட்டினாள். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

குனிந்து பார்த்தேன். என் தட்டில் பாதி நூடுல்ஸ் வரிசையாகக் கிடந்தது. நான் எழுந்து போகவில்லை; அடுத்த நுனியைத் தேடினேன்.