புளி போட்டு விளக்கிய காசுகள்

எனக்கு அமெரிக்கக் காசுப் பைத்தியம் பிடித்தது, கனடாவில் நான் வேலை செய்த மோர்னிங்சைட் வீதிப் பெற்றோல் நிலையத்துக் கல்லாவில்தான். கனடாக் காசோடு கலந்து அமெரிக்கச் சில்லறையும் வரும். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். கோதுமைக் கதிர் போட்ட ஒரு சதம், எருமை நிற்கிற ஐந்து சதம், ஆண்டே தெரியாமல் தேய்ந்துபோனவை. அதே பெறுமதிக்கு என் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வேன். பதினெட்டு வருடத்தில் இரண்டு பிஸ்கட் தகர ரின் நிறைந்தது.

"குப்பை பொறுக்கிறார்" என்று மனைவி போனில் தன் தங்கைக்குச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஒருநாள் நல்ல விலைக்கு விற்றுக்காட்டி அவள் வாயை அடைக்கவேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

பக்கத்து நகரமான மார்க்கமிலிருந்து ஒரு பழங்காசு வியாபாரி வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வருகிற அன்று நான் வேலை முடிந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் நான் உடுத்துக் கழித்த பழைய சாரத்தை விரித்து, அதன்மேல் காசெல்லாம் பளபளவென்று கிடக்கிறது. குத்துவிளக்கை விளக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஊத்தையோடு ஒரு சாமானை வெளியாளிடம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. விரல் நுனியெல்லாம் வெளிறி, முகம் மலர நின்றாள்.

வியாபாரி இரண்டு காசை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். தேய்ந்த காசுக்கும் ஆள் உண்டு, ஆனால் அந்தப் பழைய நிறம் இருக்கவேண்டும், கழுவியதை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"உம்மை ஆர் உதுகளைத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாற மனிசனுக்கு முன்னாலை உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும் எண்டுதான் செய்தனான். கழுவக்கூடாதெண்டு இவ்வளவு வருசத்திலை ஒருநாளாவது எனக்குச் சொன்னனீங்களே?"

சொல்லவில்லை. குப்பை என்றவளுக்கு என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரமே அவளை உட்காரவைத்து ஒவ்வொரு காசாகக் காட்டினேன். "எருமைக் காசின்ரை மற்றப் பக்கம், தலையிலை இறகு வச்சிருக்கிறது ஆர்?" என்று கேட்டாள். பிறகு தினமும், நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "இண்டைக்கு ஏதும் வந்ததோ?" என்பாள். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் வேலையால் வீட்டுக்கு ஓடிவந்ததில்லை.

அந்த மாரிக்குளிர் முடியமுன் நெஞ்சுவலியில் போய்விட்டாள். பதினெட்டு வருடம் காசு பார்த்தேன். அவளோடு சேர்ந்து பார்த்தது ஒன்றரை மாதம்.